கருவியும் ஆசிரியரும்: இந்திய வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் ஆசிரியர் பெற்ற இடம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வகுப்பறையில் கருவியின் துணைகொண்டு கற்பித்தல் இந்தியாவுக்குப் புதியதன்று. கரும்பலகை, நிலப்படம், உலக உருண்டை, மணிச்சட்டம் ஆகியன நெடுங்காலமாக ஆசிரியர் கையில் இருந்தவை. அவற்றை எப்போது எடுப்பது, எவ்வளவு நேரம் பயன்படுத்துவது, எப்போது வைத்துவிடுவது என்பனவற்றை ஆசிரியரே முடிவு செய்தார். மின்கருவிகள் பள்ளிக்குள் நுழைந்தபோது இந்நிலை மாறியது. பாடம் ஒலிக்கும் நேரத்தை வானொலி நிலையம் வகுத்தது. பாடத்தின் போக்கைத் தொலைக்காட்சி வகுத்தது. என்ன கற்பிக்கலாம் என்பதற்குக் கணினியில் இருந்த மென்பொருள் எல்லை வகுத்தது. கருவியைக் கையாளக் கற்றுக்கொள்ளும் ஆசிரியர், அதன்வழி நடைபெறும் பாடத்தின்மீது தமக்கிருந்த உரிமையையும் மீண்டும் பெற வேண்டியவரானார்.

இந்தியாவில் வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றிய எழுத்துகளுள் பல, கருவிகளின் எண்ணிக்கையையும் திட்டங்களின் செலவையும் பேசுவன. ஆசிரியர் அக்கருவிகளை எவ்வாறு கற்றார், கற்றபின் வகுப்பில் அவர் நிலை என்னவாயிற்று என்பன அவற்றில் பின்தள்ளப்பட்டுள்ளன. 1930 முதல் 2020 வரை நடைபெற்ற சில முதன்மையான முயற்சிகளை ஆசிரியர் பயிற்சி என்னும் கோணத்திலிருந்து இக்கட்டுரை அணுகுகிறது. பயிற்சியின் கால அளவைக் காட்டிலும், பயிற்சிக்குப்பின் ஆசிரியருக்குக் கிடைத்த உரிமையே கருவி வகுப்பறையில் நிலைத்ததா என்பதை முடிவு செய்தது என்பது இதன் கருதுகோளாகும்.

வானொலியும் தில்லிப் பள்ளித் தொலைக்காட்சியும்

சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலில் தொடங்கிய வானொலிச் சேவையில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென இசைப் பாடமும் கதைகளும் ஒலிபரப்பப்பட்டன. பின்னர் அகில இந்திய வானொலியின் பெருநகர நிலையங்கள் பள்ளி ஒலிபரப்பை மேற்கொண்டன. இவற்றில் ஆசிரியர் ஆற்ற வேண்டிய பணி எளியது: குறித்த நேரத்தில் பிள்ளைகளை அமரவைத்தல், கருவியை இயக்குதல், அமைதி காத்தல். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஐயம் எழுந்தால் ஒலிபரப்பை நிறுத்த இயலாது. ஆசிரியரும் மாணவரோடு சேர்ந்து கேட்போர் வரிசையில் அமர்ந்தார்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1961 அக்டோபரில் தில்லி உயர்நிலைப் பள்ளிகளுக்கான பாட ஒளிபரப்பு தொடங்கப்பட்டது. பொழுதுபோக்கு ஒளிபரப்பு வேரூன்றுவதற்கு முன்பே பாட ஒளிபரப்பு தொடங்கியது இந்திய வரலாற்றின் தனித்தன்மையாகும். அறிவியல் ஆசிரியர் பற்றாக்குறையும் ஆய்வுக்கூட வசதிக் குறைவும் இதற்கு முதன்மையான காரணங்களாகக் கூறப்பட்டன. பல பள்ளிகளில் செய்துகாட்ட இயலாத இயற்பியல், வேதியியல் சோதனைகளை ஒரே நேரத்தில் பல வகுப்புகளுக்குக் காட்டத் தொலைக்காட்சி பயன்பட்டது.

இங்கு ‘தொலைக்காட்சி ஆசிரியர்’, ‘வகுப்பாசிரியர்’ என இருவகையினர் தோன்றினர். முன்னவர் நிலையத்தில் பாடம் நடத்தினார். பின்னவர் ஒளிபரப்புக்கு முன் பாடத்தை அறிமுகம் செய்யவும் ஒளிபரப்பு முடிந்தபின் கலந்துரையாடவும் வேண்டும். இரண்டாம் பணி உண்மையில் கடினமானது. பிறர் நடத்திய பாடத்தில் எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பதைச் சில நிமிடங்களில் கண்டறிந்து தொடர்வதற்குத் தனித்திறன் வேண்டும். ஆயினும் நிலையத்தில் தோன்றியவரே ‘ஆசிரியர்’ என்னும் பெயருக்கு உரியவராகவும், வகுப்பில் இருந்தவர் அவருக்குத் துணைவராகவும் கருதப்படும் போக்கு இவ்வமைப்பிலேயே பொதிந்திருந்தது.

‘சைட்’ சோதனையும் பன்னிரண்டு நாள் பயிற்சியும்

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற ‘சைட்’ எனப்படும் செயற்கைக்கோள்வழிக் கற்பித்தல் தொலைக்காட்சிச் சோதனை, உலகத்தின் கவனத்தை ஈர்த்த முயற்சியாகும். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையோடு இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் இதனை நடத்தியது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கம்பி வலையாலான அலைவாங்கியும் தொலைக்காட்சிப் பெட்டியும் பெரும்பாலும் ஊர்ப் பள்ளியிலோ பிற பொதுக் கட்டடத்திலோ நிறுவப்பட்டன. காலையில் ஒன்றரை மணிநேரம் பள்ளிப் பிள்ளைகளுக்குரியது. இந்தி, கன்னடம், ஒடியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளுக்கும் அந்நேரம் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரு மொழிக்குக் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடங்களே.

இந்நிகழ்ச்சிகள் 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பொதுவாக அமைந்தன. ஓராசிரியர் பள்ளிகளில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே பெட்டியின் முன் அமர்ந்தனர். பாடநூலோடு நேரடித் தொடர்பில்லாத இந்நிகழ்ச்சியை அன்றைய பாடத்தோடு இணைப்பது முழுவதும் ஆசிரியரைச் சார்ந்தது. ஒரே நிகழ்ச்சியை முதல் வகுப்புப் பிள்ளைக்குக் கதையாகவும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிவியலாகவும் ஆக்கவேண்டியவர் அவரே.

‘சைட்’ திட்டத்தின் குறிப்பிடத்தக்க கூறு ஆசிரியர் பயிற்சியாகும். 1975 அக்டோபரிலும் 1976 கோடையிலும் பன்னிரண்டு நாள் கொண்ட இரு பயிற்சிகள் நடத்தப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 24,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பங்கேற்றனர். என்.சி.இ.ஆர்.டி.யின் கல்வித் தொழில்நுட்ப மையம் பயிற்சிப் பொருள்களை உருவாக்கியது. தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட கையேடு, செய்முறை ஆகியவை ஒருங்கிணைக்கப்பட்டன. ஒவ்வொரு மையத்திலும் வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஊரில் கிடைக்கும் எளிய பொருள்களைக்கொண்டு அறிவியல் கற்பித்தல் பயிற்சியின் மையப்பொருளாக அமைந்தது. ஒரு நகரப் பயிற்சி நிறுவனம் பல ஆண்டுகளில் எட்டக்கூடிய எண்ணிக்கையை இம்முறை பன்னிரண்டு நாள்களில் எட்டியது.

இதில் ஒரு முரணும் உண்டு. ஆசிரியர் தொலைக்காட்சி வழியாகப் பயிற்சி பெற்றார்; ஆனால் தொலைக்காட்சியை வகுப்பில் ஆளும் திறன் அப்பயிற்சியின் மையமாக இல்லை. பெட்டியில் காட்டப்பட்டவற்றை அவர் தேர்ந்தெடுக்கவும் இயலாது, மாற்றவும் இயலாது. ஓராண்டு முடிந்ததும் 1976 ஆகஸ்டில் ஏ.டி.எஸ்.-6 இந்தியாவுக்கு ஒளிபரப்பும் இடத்திலிருந்து நகர்த்தப்பட்டது. அதன்பின் தரைவழி ஒளிபரப்பு ஒரு பகுதி ஊர்களுக்கே எட்டியது. செயற்கைக்கோள் அகன்றபின்னும் ஆசிரியரிடம் எஞ்சியது, எளிய பொருள்களைக்கொண்டு கற்பிக்கும் செய்முறை அறிவாகும். அவர் தம் கையால் செய்து கற்ற பகுதியே நிலைத்திருக்க வல்லது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஹோஷங்காபாத்: எளிய கருவியும் தொடர் சந்திப்பும்

‘சைட்’ சோதனையோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது, மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் நடைபெற்ற அறிவியல் கற்பித்தல் திட்டமாகும். கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய அமைப்புகளின் முயற்சியால் 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் இது தொடங்கியது. 1978இல் மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா அமைப்பு பின்னர் இதனை வழிநடத்தியது. இங்குப் பயன்பட்டவை செயற்கைக்கோளோ கணினியோ அல்ல. உருப்பெருக்கி ஆடி, சோதனைக்குழாய், காந்தம் முதலியன அடங்கிய எளிய செய்முறைப் பெட்டிகளாகும்.

கருவி எளியதாயினும் பயிற்சி முறை செறிவானது. கோடை விடுமுறைப் பயிற்சியோடு நில்லாமல், ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடினர். வகுப்பில் தோல்வியுற்ற சோதனை எது, மாணவர் கேட்டு விடையறியா வினா எது என்பனவற்றை அங்கு முன்வைத்தனர். அக்கருத்துகள் பாடநூல் திருத்தத்திலும் இடம்பெற்றன. இவ்வாறு ஆசிரியர் பயிற்சி பெறுபவராக மட்டுமன்றிப் பாடத்தை உருவாக்குபவராகவும் ஆனார். 2002இல் அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. எனினும் முப்பது ஆண்டுகள் அது நடைபெற்றது என்பதும், அக்காலத்தில் பிற திட்டங்கள் பல ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன என்பதும் ஒருங்கே எண்ணத்தக்கன.

‘கிளாஸ்’ திட்டம்: பூட்டிய அறையில் கணினி

1984–85ஆம் கல்வியாண்டில் நடுவணரசு ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினி எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கியது. கல்வி அமைச்சகம், மின்னணுவியல் துறை, என்.சி.இ.ஆர்.டி. ஆகியன இதில் இணைந்தன. ஏறத்தாழ 250 பள்ளிகளில் தொடங்கிய இத்திட்டம் பின்னர் 2,598 பள்ளிகளுக்கு விரிந்தது. பிரிட்டனில் பள்ளிகளுக்கெனப் பரவலாக்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோ கணினியே இங்கும் தேர்ந்தெடுக்கப்பட்டது. 32 கிலோபைட் நினைவகம் கொண்ட அக்கணினியில் பேசிக் மொழியில் நிரல் எழுதலாம். சில கற்பித்தல் மென்பொருள்களையும் இயக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்களுக்கு, உயர்கல்வி நிறுவனங்களில் அமைந்த வள மையங்களின் வழியாகக் குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்பட்டது.

இத்திட்டத்தின் இடர்ப்பாடுகள் மூன்று நிலைகளில் அமைந்தன. முதலாவது, எண்ணிக்கை. ஒரு பள்ளிக்குக் கிடைத்த கணினிகள் சிலவே. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பு அவற்றைச் சூழ்ந்து நிற்க நேர்ந்தது. இரண்டாவது, பாடத்தோடு தொடர்பின்மை. கணினி எழுத்தறிவு தேர்வுக்குரிய பாடமாக இல்லாமையால், காலஅட்டவணையில் அது விளிம்பில் நின்றது. மூன்றாவது, பொறுப்பு. விலையுயர்ந்த அரசுடைமைப் பொருள் பழுதுற்றால் விடை கூற வேண்டியவர் பயிற்சி பெற்ற ஆசிரியர். கணினியைப் பயன்படுத்துவோர்க்குப் பாராட்டு இல்லை. பழுதாக்கியவர்க்கு விளக்கம் கேட்கும் ஓலை உண்டு என்னும் சூழலில், அறையைப் பூட்டி வைப்பதே அறிவுடைமையாகத் தோன்றியது. இதனை ஆசிரியரின் தொழில்நுட்ப அச்சம் என்று மட்டும் கூறுவது பொருந்தாது. உரிமை தராமல் பொறுப்பை மட்டும் தந்த நிருவாக முறையின் விளைவு இது.

தொண்ணூறுகளிலும் அடுத்த பத்தாண்டிலும் வேறொரு முறை பரவியது. 2004 டிசம்பரில் தொடங்கிய ‘ஐ.சி.டி. அட் ஸ்கூல்ஸ்’ திட்டத்தின்கீழ்ப் பல மாநிலங்கள், கணினிகளை நிறுவிப் பேணிக் கற்பிக்கும் பணியைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்த அடிப்படையில் ஒப்படைத்தன. அந்நிறுவனம் அமர்த்திய கணினிப் பயிற்றுநர் குறைந்த ஊதியத்தில் பள்ளிக்கு வந்தார். கணினி என்பது தனியொரு பாடமாயிற்று. கணிதத்தையோ வரலாற்றையோ தமிழையோ கற்பிக்கும் ஆசிரியருக்குக் கணினி அறையோடு தொடர்பு இல்லாது போயிற்று. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பயிற்றுநர் அகன்றார். அவரோடு அறிவும் அகன்றது. பள்ளியின் நிலையான ஆசிரியரிடம் அது சென்று சேரவில்லை.

மொழி என்னும் தடை

ஆசிரியர் கருவியைக் கற்பதில் மொழியின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. ‘சைட்’ நான்கு இந்திய மொழிகளில் அமைந்தது. கணினியோ ஆங்கிலத்தின் வழியே பள்ளிக்குள் வந்தது. பி.பி.சி. மைக்ரோவின் கட்டளைகளும் அதன் மென்பொருள்களும் ஆங்கிலத்தில் இருந்தன. தாய்மொழி வழியில் பாடம் நடத்தும் ஆசிரியர், கருவியைக் கற்பதற்குமுன் மற்றொரு மொழித்தடையைக் கடக்க வேண்டியிருந்தது.

மொழியாசிரியரின் நிலை இதனினும் இடர் மிக்கது. தமிழை எடுத்துக்கொண்டால், தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியாக்கம் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் ஆசிரியர் உருவாக்கிய பயிற்சித்தாள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தரப்படுத்திய விசைப்பலகையும் குறியாக்கங்களும் அறிவிக்கப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. இச்செய்திகள் கணித்தமிழ் வரலாற்றில் தொழில்நுட்ப நிகழ்வுகளாகவே பதிவு செய்யப்படுகின்றன. வகுப்பறை நோக்கில் இவற்றின் பொருள் வேறு. ஓர் ஆசிரியர் தாம் எழுதிய பாடத்தை மற்றோர் ஆசிரியரிடம் கொடுக்கவும் அவர் அதைத் திருத்தித் தம் வகுப்புக்கு ஏற்ப அமைக்கவும் வழி பிறந்தது ஒருங்குறிக்குப் பின்னரே எளிதாயிற்று.

கேரள அனுபவம்

2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட எஜுசாட், கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோளாகும். இருவழித் தொடர்பு வாய்த்தமையால் தொலைவிலுள்ள ஆசிரியர் வினா எழுப்பவும் விடை பெறவும் இயன்றது. 2010இல் அதன் பணி முடிவுற்றது. அச்செயற்கைக்கோளைப் பயன்படுத்திய மாநிலங்களுள் கேரளத்தின் போக்கு தனித்து ஆராயத்தக்கது.

யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை அடுத்து, 2001இல் கேரளத்தில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கப்பட்டது. 2005 ஜூலை 28 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் ‘விக்டர்ஸ்’ கல்வி வலையமைப்பைத் தொடங்கிவைத்தார். இத்திட்டத்தின் அடிப்படைத் தேர்வு கருவியைச் சார்ந்ததன்று, ஆளைச் சார்ந்தது. வெளி நிறுவனங்களின் பயிற்றுநர்களுக்குப் பதிலாக, பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்களே முதன்மைப் பயிற்றுநர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் ஒருவர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். வகுப்பறையின் இடர்களை அறிந்தவர், அவ்விடர்களை உடையவர்க்கே கற்பித்தார்.

தொடக்கத்தில் தனியுரிமை மென்பொருளை மையமாகக்கொண்ட பாடநூலுக்கு ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். படிப்படியாகத் திட்டம் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. உரிமக் கட்டணம் மிச்சமானது இதன் ஒரு பயன். மற்றொரு பயன் இக்கட்டுரைப் பொருளுக்கு நெருக்கமானது: மென்பொருளை மலையாளத்தில் அமைக்கவும், பாடத்துக்கேற்ப மாற்றவும், தடையின்றிப் படியெடுத்து வழங்கவும் இயன்றது. ஜியோஜீப்ரா போன்ற செயலியைக்கொண்டு கணித ஆசிரியர் முக்கோணத்தின் முனையை நகர்த்திக் கோணங்களின் கூட்டுத்தொகை மாறாமையைக் காட்டலாம். எந்த முனையை, எப்போது நகர்த்துவது, மாணவர் எங்குத் தயங்கினார் என்பனவற்றைக் கண்டு பாடத்தை நடத்துபவர் ஆசிரியரே. கரும்பலகையின்மீது அவருக்கிருந்த உரிமை இங்கு மீண்டும் கிடைத்தது எனலாம்.

இக்காலத்தே நாடளாவிய கொள்கையிலும் மாற்றம் புலப்பட்டது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, ஆசிரியரும் மாணவரும் தொழில்நுட்பத்தின் நுகர்வோராக மட்டுமன்றி ஆக்குநராகவும் விளங்கவேண்டும் எனக் கருதியது. பள்ளிக் கல்வியில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கான தேசியக் கொள்கை 2012இல் வெளியானது. 2015 முதல் நடைமுறைக்கு வந்த ஈராண்டு கல்வியியல் பட்டப் படிப்பின் கலைத்திட்டத்தில் தொழில்நுட்பத்தைத் திறனாய்வு நோக்கில் அறிதல் தனிக்கூறாக இடம்பெற்றது. பணிக்கு வந்தபின் தரப்படும் சில நாள் பயிற்சி, பணிக்கு முன்னரே பெறவேண்டிய தகுதியாக மாறியமை குறிப்பிடத்தக்கது.

பெருந்தொற்றுக் காலம்

2017 செப்டம்பர் 5 அன்று ஆசிரியர்களுக்கான ‘தீக்ஷா’ தளம் தொடங்கப்பட்டது. 2018இல் வெளிவந்த தமிழகத்தின் புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறிகள் அச்சிடப்பட்டன. 2019இல் கல்வித் தொலைக்காட்சியும் தமிழகத்தில் தொடங்கியது. இவை பரவிக்கொண்டிருந்த நிலையில், 2020 மார்ச்சில் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. தொழில்நுட்பத்தைக் கற்பதா என்னும் தெரிவு ஆசிரியருக்கு இல்லாது போயிற்று, கைப்பேசியே பள்ளியாயிற்று.

கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ ஒளிபரப்பு வகுப்புகள் தொடங்கின. பள்ளி மூடியிருந்தும் கல்வியாண்டு உரிய நாளில் தொடங்குவதற்கு, இருபதாண்டுகளாக உருவான ஆசிரியர் பயிற்றுநர் அமைப்பு துணைநின்றது. பல மாநிலங்களில் ஆசிரியர்கள் தத்தம் கைப்பேசியில், தத்தம் செலவில், இரவு நேரத்தில் காணொளி பதிவு செய்யவும் புலனக் குழு வழியாகப் பாடம் அனுப்பவும் சக ஆசிரியரிடம் கற்றனர். ‘சைட்’ முதல் எஜுசாட் வரை எத்திட்டமும் எட்டாத எண்ணிக்கையில் ஆசிரியர்கள் இக்காலத்தில் கருவியைக் கற்றனர் என்பது உண்மை. மாணவர் கையில் கருவி இல்லாத இல்லங்களில் அக்கற்பித்தல் சென்று சேரவில்லை என்பதும் அதே அளவு உண்மை. நடுவணரசின் பள்ளிக் கல்விப் புள்ளிவிவரத் தொகுப்பின்படி, 2023–24ஆம் ஆண்டில்கூட இயங்கும் கணினி உள்ள பள்ளிகள் 57.2 விழுக்காடு; இணைய வசதியுடையவை 53.9 விழுக்காடு.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் பெறப்படுகின்றன. வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் காலத்தில் ஆசிரியர் பிறர் பாடத்துக்கு இடைநிலையாளராக இருந்தார். பள்ளிக் கணினியின் தொடக்கக் காலத்தில் அவர் காவலராக இருந்தார். ஒப்பந்த முறையில் அவர் புறத்தே நிறுத்தப்பட்டார். ஹோஷங்காபாத்திலும் கேரளத்திலும் அவர் ஆக்குநராகவும் பயிற்றுநராகவும் ஆனார். முன்னது கண்ணாடிக் குழாயையும் காந்தத்தையும், பின்னது கணினியையும் செயற்கைக்கோளையும் பயன்படுத்தின. கருவிகள் முற்றிலும் வேறாயினும் இரண்டிலும் பொதுவாக அமைந்தவை மூன்று: ஆசிரியரே ஆசிரியர்க்குக் கற்பித்தல், ஒருமுறையோடு முடியாத தொடர் சந்திப்பு, பாடத்தை மாற்றியமைக்கும் உரிமை.

இம்மூன்றும் இல்லாத இடத்தில் கருவியின் புதுமை ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்தது. ஆதலின் ஒரு பள்ளியில் எத்தனை கணினிகள் உள்ளன என்னும் கணக்கோடு, அவற்றில் ஓடும் பாடங்களுள் எத்தனையை அப்பள்ளி ஆசிரியர் எழுதினார் அல்லது திருத்தினார் என்னும் கணக்கும் எடுக்கப்பட வேண்டும். திறன்பலகை, செயற்கை நுண்ணறிவு என அடுத்தடுத்த கருவிகள் வகுப்பறையை நெருங்கும் இக்காலத்தில், அவற்றை எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்பதை முடிவு செய்பவர் யார் என்னும் வினாவே முதலில் கேட்கத்தக்கது. தொண்ணூறாண்டு வரலாறு அவ்வினாவுக்குரிய விடையைப் பலமுறை தந்துள்ளது. திட்டம் வகுப்போர் அதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.